சூரியனையும் அதே மில்லில்

அன்று மில்லில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பெங்களூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிய என் மகள், அரியலூரிலிருந்து பைக்கில் வந்த என் அண்ணன், கொஞ்ச நேரம் கழித்து மிளகாய்த்தூள் டப்பாவோடு வந்த லப்பைக்குடிக்காட்டுப் பெண். இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. இப்போது எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், "அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்" என்கிறார்கள். என் நாத்தனார், தான் சொன்ன புத்திமதியைக்கூட வரி வரியாகச் சொல்கிறாள். அன்றைக்கு அவள் திருப்பூரில் ஒரு காதுகுத்தில் இருந்தாள்.

பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு மாவு மில். கோதுமை, கேழ்வரகு, பச்சரிசிக்கு ஒரு மிஷின். மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு ஒரு மிஷின். சீசனில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளமும் உடைப்போம். நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு வரும், கையெழுத்து வரும், கவலை நன்றாக வரும். கவலைக்குப் படிப்பு தேவையில்லை. மோட்டார் சத்தம் மாறினால் பெல்ட் போய்விட்டதோ என்று பயம். மாறாமல் ஓடினால், இவ்வளவு நாள் ஓடிவிட்டதே, எப்போது நிற்குமோ என்று பயம். மகள் பஸ் ஏறினால் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் இறக்கம் தாண்டிவிட்டேன் என்று போன் வரும்வரை நான் எதையும் வாயில் வைக்க மாட்டேன். அவளுக்காகத் திருமழபாடி சிவன் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறேன், ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே வேண்டுதல்தான். படிப்பு சீக்கிரம் முடியட்டும், பிள்ளை பக்கத்தில் வந்து இருக்கட்டும்.

அவள் என்ன படிக்கிறாள் என்று மில்லுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "சூரியனப் பத்திப் படிக்கிறா" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கே தெரியாது என்று பல வருஷம் ஓடியது. ஒரு பொங்கல் லீவில்தான் உட்கார்ந்து கேட்டேன்.

"சூரியன் மாதிரியே சூடு, சூரியன் மாதிரியே கனம், அப்டி இருக்குற நட்சத்திரமாப் பொறுக்கி எடுத்துக்கணும்மா. அதுல இரும்பு எவ்ளோ, கால்சியம் எவ்ளோ, கரி எவ்ளோன்னு பாக்கணும். அதே சரக்கு நம்ம சூரியன்ல எவ்ளோ இருக்குன்னு பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

"போயி அள்ளிட்டு வரவா முடியும்?"

"வெளிச்சம்தான் வருதே."

பழைய டிவிடி ஒன்றை வெட்டி, பற்பசை அட்டைப் பெட்டிக்குள் ஒட்டி, ஓர் ஓரத்தில் பிளேடால் மெல்லிய கீறல் போட்டுக் கொடுத்தாள். சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்று, மில்லின் வெளிச்சுவரில் பட்டுத் திரும்புகிற வெயிலைப் பார்க்கச் சொன்னாள். அந்தச் சுவர் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்தது, கண்ணைக் கூசும். பெட்டிக்குள் வானவில் மாதிரி ஒரு பட்டை தெரிந்தது. முதலில் அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு, பட்டைக்குக் குறுக்கே முடி விழுந்தது போலக் கறுப்புக் கோடுகள் சில தெரிந்தன. ஒவ்வொரு கோட்டையும் போடுவது ஒரு பொருள் என்றாள். இன்ன இடத்தில் கோடு என்றால் சோடியம், இன்ன இடத்தில் என்றால் மெக்னீசியம். சரக்கு எவ்வளவு என்பதைக் கோட்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவார்களாம்.

எனக்கு உடனே ஒரு கவலை வந்தது. "ஏன்டி, செவுத்துல சுண்ணாம்பு அடிச்சிருக்கு. அதுல பட்டு வர வெளிச்சத்துல சுண்ணாம்புக் கோடு தெரிஞ்சா அது சூரியனோடதா, செவுத்தோடதா?"

"செவுரு வெளிச்சத்தோட நெறத்தக் கொஞ்சம் மாத்தும்மா. இவ்ளோ மெல்லிசா கோடெல்லாம் கிழிக்கத் தெரியாது அதுக்கு."

நான் விடவில்லை. வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை விரித்து அதில் பார்த்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்து வைக்கப் போனபோது அவள் பிடுங்கிக்கொண்டாள். வேட்டியிலும் அதே கோடுகள் அதே இடத்தில்தான் இருந்தன. பெரிய தொலைநோக்கிக்காரர்களும் சூரியனை அப்படி நேராகப் பிடிப்பதில்லை என்றும், ஆகாயத்தில் சுற்றுகிற ஒரு பாறையில் பட்டுத் திரும்பும் வெயிலை ராத்திரியில் பிடிப்பார்கள் என்றும் சொன்னாள். அப்போது சூரியனும் மற்ற நட்சத்திரங்களைப் போல ஒரு புள்ளியாக வந்து நிற்குமாம். "அந்தப் பாறையும் ஒரு செவுருதாம்மா." நான் தலையாட்டினேன். எனக்கு வேட்டியை மடிக்கிற வேலை இருந்தது.

அவள் கண்டுபிடித்தது என்ன என்பதும் அந்த லீவில்தான் விளங்கியது. அவள் பொறுக்கிய நட்சத்திரங்கள் பெரும்பாலானவற்றைவிட நம் சூரியனில் கல்லாகிற சரக்கு ஒரு சிட்டிகை குறைவு. சுண்ணாம்பில் இருக்கிற கால்சியம், அலுமினியம், இரும்பு மாதிரி எளிதில் ஆவியாகாத சரக்கு. இதை அவளுக்கு முன்னாலேயே வெளிநாட்டில் சிலர் சொல்லியிருக்கிறார்களாம். இவள் தன் நட்சத்திரங்களில் பார்த்தாள். ஏன் குறைவு என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அவளுக்குப் பிடித்த காரணத்தை எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள்.

"நீ மாவு சலிக்கிறப்ப சல்லடையில கப்பி நிக்குமில்ல? சூரியன் உண்டாகுறப்ப சுத்தி இருந்த தூசியில கல்லு சரக்கெல்லாம் திரண்டு தனியா நின்னுடுச்சு. மிச்சம் நைசாப் போனது சூரியன்ல விழுந்துடுச்சு. அந்தக் கப்பிதான் பூமி. நீ நிக்கிற தரை."

"அப்ப மத்த நட்சத்திரம்?"

"அதுங்களச் சரியா சலிக்கலன்னு வெச்சுக்கயேன். ஆனா இது இன்னும் சண்டையிலதாம்மா இருக்கு. வயசும் ஒரு காரணம்ங்கிறாங்க. எந்த எடத்துல பொறந்துச்சு, அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுங்கிறதும் ஒரு காரணம்."

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மில்லுக்கு வருகிற பெண்கள் முதலில் கேட்கிற கேள்வியே "முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்பதுதான். கம்பு அரைத்த பின்னால் கைக்குழந்தைக்குக் கேழ்வரகு அரைக்க வந்தால், முதலில் விழுகிற ஒரு கை மாவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். நட்சத்திரத்துக்கும் அந்தக் கேள்வி உண்டு என்றால் சரிதான்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்கு லாரி விடுகிறவன். "சூரியன்ல சுண்ணாம்பு கம்மியா? இத மொதல்லயே சொல்லிருக்கலாமே. ரெண்டு லோடு ஏத்தி அனுப்பிட்டா முடிஞ்சுது. டீசல் மட்டும் பாப்பா குடுத்துரட்டும்." அதற்குப் பிறகு அவளை எங்கே பார்த்தாலும், "என்ன பாப்பா, லோடு எறங்கிடுச்சா?" என்பான்.

முதலில் சொன்னேனே, அந்த நாளில் அவன் மில்லுக்கு வந்தது கேலி பேச அல்ல. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிற வேலை, தெரிந்தவர் மூலம் பேசி முடித்திருந்தான். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஆராய்ச்சிப் பட்டம் கைக்கு வரவில்லை என்றாலும் இப்போதைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டுதல் பலித்த மாதிரி இருந்தது. முதல் நாளே அவளுக்கு இரண்டு காட்டன் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

மகளும் ஒரு சேதியோடுதான் வந்திருந்தாள். கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து, பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். பட்டத்துக்காக அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், ஏற்றுக்கொள்ள முடியாது, திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டார்.

"எது தப்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"தப்புன்னு சொல்லலப்பா. நட்சத்திரத்தையெல்லாம் ஒரு கருவியில எடுத்தேன். சூரியன மட்டும் நான் எடுக்கல. வேற ஒருத்தங்க வேற கருவியில எடுத்து வெச்சிருந்ததப் போட்டுக்கிட்டேன், நேரமில்லன்னு. எங்க கைடு சாரும் சரின்னுட்டாரு. இப்ப இவரு கேக்குறாரு, வர வித்தியாசம் சூரியனோட வித்தியாசமா, கருவியோட வித்தியாசமான்னு."

"எவ்ளோ வித்தியாசம்?"

"நூத்துல சில பங்குதான்."

"நூத்துல சில பங்கா!" என்றான் அண்ணன். "எங்க லாரியில அது ரோட்டுலயே சிந்திரும் பாப்பா. அதுக்கா திரும்பச் செய்யிற?"

"அந்தச் சிந்துறதுதான் மாமா என் படிப்பே."

அதே கருவியில் சூரியனை எடுக்க வேண்டும், அதற்கு அந்தப் பாறை ராத்திரி வானத்தில் வசமாக வரும்வரை காத்திருக்க வேண்டும், தொலைநோக்கியில் நேரம் கேட்டு எழுதிப் போட வேண்டும், அவர்கள் கொடுக்க வேண்டும், அன்றைக்கு மேகம் இருக்கக் கூடாது. பிறகு எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். ஒரு வருஷம் ஆகும். உதவித்தொகை போன மாதத்தோடு நின்றுவிட்டது. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள்தான் பார்க்க வேண்டும். கல்லூரி வேலையில் சேர்ந்தால் இது நடக்காது. இது நடந்தால் கல்லூரி வேலை இருக்காது.

"சூரியன் எங்கயும் ஓடிடாது," என்றான் அண்ணன். "வேலைதான் ஓடிடும். உங்கம்மாவக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

லப்பைக்குடிக்காட்டில் அவளுக்கு வீடு. புருஷன் ஷார்ஜாவில் கட்டட வேலை. ஊரிலிருந்து யார் அங்கே கிளம்பினாலும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கொடுத்து அனுப்புவாள். வழக்கமாக அவள் ஊர் மில்லில் அரைப்பவள், இரண்டு வாரம் முன்பு டவுனுக்கு வந்த இடத்தில் எங்களிடம் அரைத்துப் போயிருந்தாள். டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னக்கா நெறம்? செங்கப் பொடி மாதிரி. எம்மச்சான் வீடியோ கால்ல காட்டுறாக, எங்கூரு மில்லுல அரைச்சது எப்டி ரத்தமா இருக்கு, இது எப்டி இருக்குன்னு. இந்தா போட்டோ, நீங்களே பாருங்க. உங்க மில்லுல மொளகாயோட வேற என்னமோ சேந்து வருது."

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மில்லைச் சொன்னால் எனக்கு ஆகாது. காலையிலிருந்து தொண்டையில் நின்றதெல்லாம் அவள் பக்கம் திரும்பிவிட்டது.

"ஏம்மா, நீ பேசுறது ஞாயமா? அது ஷார்ஜால ட்யூப்லைட்டு வெளிச்சத்துல உன் வூட்டுக்காரரு போன்ல புடிச்ச படம். இது இங்க வெயில்ல எங்கையில இருக்கு. அந்த மொளகா வேற, இந்த மொளகா வேற. அந்த மில்லு வேற, இந்த மில்லு வேற. எத எதோட வெச்சு எங்க மில்லக் கொற சொல்லுற? போன தடவ உங்கூரு மில்லுல அரைச்ச மொளகா வூட்டுல மிச்சமிருக்கா? கொண்டா. ரெண்டையும் இதே மிஷின்ல, இதே நாள்ல அரைச்சுப் பாரு. அப்பறம் பேசு."

மோட்டார் ஓடாத நேரம். என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. மகள் முதலில் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு," என்றான் அண்ணன். "தீர்ப்ப நீயே சொல்லிட்ட, புள்ள."

"நான் மொளகாயத்தானே சொன்னேன்!"

"அந்தப் பேராசிரியரு உங்கிட்டதான் படிச்சிருப்பாரு போல."

வந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, நான் என்ன சொல்லிட்டேன்னு எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்றாள். மகள் அவளுக்கு இரண்டே வார்த்தையில் விளக்கினாள். அவள் டப்பா மூடியை அழுத்திக்கொண்டே கேட்டாள். "சூரியன்ல கொறையுதா? எம்மச்சான் அங்க உச்சி வெயில்ல கம்பி கட்டுறாக. அவுகள்ட்டக் கேட்டா ஒண்ணும் கொறையல, கூடத்தான் இருக்குன்னுவாக."

அண்ணனுக்கே சிரிப்பு அடங்க நேரமானது. அவள் மட்டும் சிரிக்காமல், மிச்ச மிளகாய் கிடக்கிறது, சாயங்காலம் கொண்டுவருகிறேன் என்று சவால் விட்ட மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மகளிடம் போ என்று சொல்லவில்லை. அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்; நாத்தனார் வேறு மாதிரிச் சொல்வாள். நான் கேட்டது வேறு. "ஒரு வருசம் இருந்து திரும்ப எடுத்துப் பாக்குற. வித்தியாசமே இல்லன்னு ஆயிட்டா?"

"இல்லன்னு எழுதுவேன்."

"அதுக்கும் பட்டம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க." பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "கஷ்டமாத்தான் இருக்கும்மா. இத்தன வருசம் கொறையுது கொறையுதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஆனா தெரியாம அந்தக் காலேஜுல போயி நின்னு பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்?"

சாயங்காலம் அந்தப் பெண் சொன்னபடி வந்தாள். பழைய மிளகாய் ஒரு பை, புது மிளகாய் ஒரு பை. மிஷினை நன்றாகத் துடைத்தோம். ஒவ்வொன்றிலும் முதல் கைத்தூளைத் தனியாக எடுத்து வைத்தோம். இரண்டும் ஒரே நிறத்தில் மங்கி விழுந்தால் குற்றம் என் மில்லுடையது, லப்பைக்குடிக்காடு முழுக்க அன்றைக்கே தெரிந்துவிடும்.

இரண்டையும் வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தோம். பழைய மிளகாய் கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்தது. சரக்கிலேயே வித்தியாசம் உண்டு. ஆனால் போட்டோவில் இருந்த அளவுக்குச் சிவப்பு இல்லை. தூளைத் தொட்டுப் பார்த்த வீட்டுக்காரர், "சூடா விழுது. அவசரத்துல சல்லட கண்ணச் சின்னதா மாட்டிருக்க. காந்தி நெறம் போயிருச்சு" என்றார். மிளகாய் பாதி, என் மில் பாதி.

"சொன்னேன்ல" என்றாள் அவள்.

"நானும் சொன்னேன்ல" என்றேன்.

இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு நின்றோம். அரைத்த கூலியை நான் கேட்கவில்லை, அவளும் எடுத்து நீட்டவில்லை. இப்போது எங்களிடம்தான் அரைக்கிறாள். மிஷின் ஆறினால்தான் மிளகாயைக் கொட்டவே விடுவாள்.

வீட்டுக்காரர் கையைத் தட்டிக்கொண்டு மகளிடம் கேட்டார். "நாளைக்கு எந்த பஸ்ஸு?" போவதா, இருப்பதா என்பதில் அவர் பேசியது அவ்வளவுதான்.

அண்ணன் கோபமாகத்தான் கிளம்பினான். "வேல பேசிக் குடுத்த ஆளுகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போன் பண்ணுவேன்?" என்று வண்டியை உதைத்தான். உதைத்துவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "ஹாஸ்டலுக்கு வருசத்துக்கு எவ்வளவு ஆவும்?" என்று என்னிடம் கேட்டான். அந்த வருஷம் மோட்டார் வைண்டிங் செலவில் நாங்கள் நொடித்திருந்தது அவனுக்குத் தெரியும். அறுபதாயிரம் கொடுத்தான். கடன்தான் என்று நானே சொல்லி வாங்கினேன், அண்ணனிடம் சும்மா வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது. கடனாக வாங்கினாலும் வராது என்பது பிறகு தெரிந்தது.

அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொலைநோக்கியில் அவளுக்குக் கொடுத்த முதல் ராத்திரி மேகத்தில் போயிற்று. அதன் பிறகு பெங்களூர்ப் பக்கம் மழை என்று டிவியில் சொன்னால் உடனே அவளுக்குப் போன் போடுவேன். தொலைநோக்கி இருப்பது வேறு ஊர் என்று அவள் எத்தனை முறை சொல்லியும் போன் போடுவது நிற்கவில்லை. மழைக்குக் காத்திருக்கிற ஊரில், மழை வரக் கூடாது என்று நான் ஒருத்தி மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். மக்காச்சோளம் போட்டவர்களுக்குத் தெரிந்தால் அடித்திருப்பார்கள். இரண்டாவது தடவை வானம் திறந்திருந்தது. பாறையில் பட்டுத் திரும்பிய வெயிலைப் பிடித்துவிட்டதாக மறுநாள் காலை போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. பனியில் நின்றாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்றுதான் நான் கேட்டேன்.

கணக்கு முடிய இன்னும் சில மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு வெளிச்சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

"வித்தியாசம் கொறஞ்சிடுச்சும்மா."

"அப்ப இல்லயா?"

"இருக்கு. முன்ன சொன்ன அளவு இல்ல. பாதி கருவியோடது. மிச்சம் சூரியனோடதுதான். நம்மகிட்ட கல்லு சரக்கு கொஞ்சம் கொறையத்தான் செய்யுது."

மிளகாய் பாதி, மில் பாதி என்று நான் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.

அந்தப் பேராசிரியர் இந்த முறை ஏற்றுக்கொண்டார். பட்டம் வந்தது. அந்தக் கல்லூரி வேலை எப்போதோ வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இப்போது பெங்களூரிலேயே, இரண்டு வருஷத்துக்கு என்று ஒரு வேலையில் இருக்கிறாள். அதற்குப் பிறகு என்ன என்பது என் இப்போதைய கவலை. ஃபால்ஸ் அடித்த புடவைகளை நான் கட்டிக்கொண்டேன்.

அண்ணனுக்கு அவளும் நானுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறோம். அவன் வாங்கும்போதெல்லாம், "இது எதுக்கு புள்ள, சூரியனுக்குப் போட்ட லோடுன்னு வெச்சுக்கிறேன்" என்பான், ஆனால் வாங்கிக்கொள்வான். போன தீபாவளிக்குக் கொடுத்தது போக இன்னும் பதினெட்டாயிரம் ரூபாய் தர வேண்டும்.